சோம்பேறித்தனத்துக்கு ஓர் அளவுகோல்

என் பிரிவுபசார விருந்தில் இளசுகள் என்னை விடவில்லை. "அண்ணே, இத்தன வருசமா ரத்தம், மூத்திரம்னே இருந்துட்டீங்க. போறதுக்கு முன்னால ஒரு நல்ல கேஸ் சொல்லிட்டுப் போங்கலா" என்றார்கள். ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவனிடம் நல்ல கேஸ் கேட்பது, வெட்டியானிடம் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றி விசாரிப்பது மாதிரி. ஆனாலும் ஒன்று சொன்னேன். ஒரு காலத்தில் நான் சோம்பேறித்தனத்துக்கு அதிகாரபூர்வமான அளவுகோலாக இருந்த கதை. எல்லாரும் சிரித்தார்கள். மீ கோரெங் நூடுல்ஸ் பரிமாறிக்கொண்டிருந்த கேன்டீன் அக்காகூடக் கரண்டியைப் பிடித்தபடி சிரித்தார். எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். வேலைக்குப் போகிற காலமெல்லாம் தாமதமாக வந்தவனுக்கு, இனி எங்கேயும் போக வேண்டாத நாளில் கடிகாரம்.

அன்று சொன்னது கதையின் சிரிக்கிற பாதி. மற்றப் பாதியை விருந்தில் சொல்லியிருந்தால் மீ கோரெங் தொண்டையில் நின்றிருக்கும். இங்கே எழுதலாம். படிக்கிறவர்கள் கையில் தட்டு இருக்காது என்று நம்புகிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த விதம் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஏதுமில்லை. பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்தேன். டாக்டருக்குப் படிக்க மதிப்பெண் போதவில்லை. ஆசிரியராகப் பொறுமை போதவில்லை. ஆய்வுக்கூடப் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள், கோலாலம்பூருக்குப் போனேன். அந்தக் காலத்தில் கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சித்தான் எதையும் அளக்க வேண்டும். அந்தப் பயிற்சிக் காலத்தில் நான் என்னென்ன குடித்தேன் என்று என் மனைவிக்கு இன்றுவரை சொல்லவில்லை. திரும்பி வந்து ஜார்ஜ்டவுனில் ஓர் ஆஸ்பத்திரியின் இரசாயனப் பகுதியில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். இவ்வளவுதான் என் வாழ்க்கை வரலாறு.

அந்தப் பகுதிக்குத் தலைவி மிஸஸ் அருளம்பலம். யாழ்ப்பாணத்துக் குடும்பம். பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்த நாட்டில்தான். தமிழ் மட்டும் நேற்றுத்தான் கப்பலில் வந்து இறங்கியது போலிருக்கும். நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம். குரலை உயர்த்த மாட்டார். நாம் கொண்டுபோய் வைக்கும் முடிவுச் சீட்டைப் பார்ப்பார்; ஒற்றை விரலால் அதைத் திருப்பி, எழுத்து நம் பக்கம் நேராகத் தெரியும்படி தள்ளி வைப்பார். "இன்னொருக்காச் செய்யும்." காரணம் சொல்ல மாட்டார். ஒரு முறை ஒரே சோதனையை அவருக்காக மூன்று தரம் செய்தேன். மூன்று தரமும் ஒரே விடை. "இப்ப நம்பலாம்" என்றார். "இலக்கத்தை இல்லை. உம்மை."

அவருக்கு ஒரு விதி இருந்தது. "நாங்கள் இலக்கம் குடுக்கிறனாங்கள். அதுக்கு அர்த்தம் சொல்லுறது டொக்டர்மாற்ற வேலை." நோயாளியின் உறவுக்காரர்கள் வாசலில் வந்து நின்று, "மேடம், எங்கப்பாவுக்கு நல்லா இருக்கா?" என்று கேட்டால், கையைக் கூப்புவார், உள்ளே போய்விடுவார். இரக்கமில்லாதவர் என்று வெளியே பேச்சு. உள்ளே போய்க் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பார் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

கதைக்கு வருகிறேன். எண்பதுகளின் தொடக்கம். எங்கள் தீவுக்கு இன்னும் பாலம் வரவில்லை, கடலைக் கடக்க ஃபெர்ரிதான். டாக்டர் லிம் என்று ஒருவர் புதிதாக எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். படித்ததை மறக்காத வயது. அவரிடம் அக்கரையிலிருந்து ஒருவரை அனுப்பி வைத்தார்கள். பெயர் சன்னாசி. பாகான் டாலாமில் வீடு; துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் மூட்டை தூக்கும் வேலை. கூட வேலை செய்கிறவர்கள் அவரை அந்தப் பெயரில் கூப்பிடுவதில்லை. 'அஞ்சு நிமிசம்' என்றுதான் கூப்பிடுவார்கள். காரணத்தை அவரே சொன்னார்.

"மொத மூட்ட சரி, ரெண்டாவது சரி. மூணாவதுல கை காலு கட்ட மாதிரி ஆயிரும் தம்பி. இழுத்துப் புடிச்சுக்கும். அஞ்சு நிமிசம் உக்காந்தாப் போதும். அப்பறம் சாயங்காலம் வரைக்கும் தூக்குவேன், ஒருத்தன் எங்கிட்ட நிக்க முடியாது. ஆனா அந்த அஞ்சு நிமிசத்துலதானலா மண்டோர் வந்து நிப்பான்!"

மண்டோர் என்பவர் வேலையை மேய்க்கிறவர். அவர் கண்ணில் சன்னாசி எப்போதும் உட்கார்ந்தே இருந்தார். பார்த்தால் கப்பலையே தூக்கி அடுத்த துறையில் வைத்துவிடுவார் போன்ற தோள். அந்தத் தோளை வைத்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்தால் உலகம் மன்னிக்காது. என்னைப் போன்ற ஒல்லியான ஆள் உட்கார்ந்தால், "பாவம், காய்ச்சல் போல" என்பார்கள். ஒருநாள் வைராக்கியமாக உட்காராமல் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கியிருக்கிறார். மறுநாள் காலை சிறுநீர் பால் விடாத கோப்பி-ஓ நிறத்தில் போயிருக்கிறது. அதை மண்டோரிடம் சொன்னபோது, "கோப்பி கொஞ்சமா குடி" என்றானாம்.

கடைசியில் நிர்வாகம் ஒன்று கேட்டது. இந்த ஆளுக்கு வியாதியா, இல்லை மலாஸா? மலாஸ் என்றால் மலாய் மொழியில் சோம்பல். வியாதி என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் வாசலில் உட்கார்ந்து லாரி எண் குறிக்கும் வேலை தருவார்கள். இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தது.

டாக்டர் லிம்முக்கு ஒரு சந்தேகம் வந்தது. அதைச் சொல்வதற்கு முன், நாம் தின்கிற சோறு என்ன ஆகிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பயப்பட வேண்டாம், பரீட்சை கிடையாது. சோறு வயிற்றில் சர்க்கரையாகி இரத்தத்தில் ஏறுகிறது. இரத்தம் அதை ஒவ்வொரு செல்லின் வாசலிலும் கொண்டுபோய் வைக்கிறது. உள்ளே செல் அதைப் படிப்படியாக உடைத்து, தனக்கு வேண்டிய சக்தியை எடுத்துக்கொள்கிறது. காற்று தாராளமாக இருந்தால் சுத்தமாக எரியும். காற்று போதாவிட்டால் ஈர விறகு மாதிரி அரைகுறையாக எரிந்து புகையும். அந்தப் புகைக்குப் பெயர் லாக்டிக் அமிலம். அவசரத்துக்கு என்று தசை தனக்குள்ளேயே ஒரு சர்க்கரைக் கிடங்கும் வைத்திருக்கிறது. திடீரென்று மூட்டையைத் தூக்கினால் முதலில் திறப்பது அந்தக் கிடங்கைத்தான். சில பேருக்குப் பிறவியிலேயே அந்தக் கிடங்கைத் திறக்கும் சாவி இருக்காது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. இரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையை மேல்கையில் இறுக்கி, இரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டு, ஆளைக் கையை மூடி மூடித் திறக்கச் சொல்ல வேண்டும். இரத்தம் வராத கைக்குக் கிடங்கைத் தவிர வேறு கதி இல்லை. பட்டையை அவிழ்த்ததும் இரத்தம் எடுத்துப் பார்த்தால், கிடங்கு திறந்திருந்தால் லாக்டிக் அமிலம் எகிறியிருக்கும். திறக்காவிட்டால் எகிறாது.

இதில்தான் ஒரு வில்லங்கம். கையை ஒழுங்காக மூடித் திறக்காமல் ஏமாற்றுகிறவனுக்கும் அமிலம் எகிறாது. அதாவது, நோயாளியும் சோம்பேறியும் ஒரே விடையைத்தான் தருவார்கள். ஒரு மனிதன் சோம்பேறியா என்று கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். நம்மிடம் இருப்பதோ சோம்பேறியையும் நோயாளியையும் பிரிக்கத் தெரியாத சோதனை.

மேடம் இரண்டு நாள் ஆஸ்பத்திரி நூலகத்தில் போய் உட்கார்ந்தார். வந்து, "அமோனியாவையும் சேர்த்துப் பாப்பம்" என்றார். கிடங்கு திறக்காத தசை பட்டினி தாங்காமல் வேறு எதையோ எரிக்கும். அது அமோனியாவாக வெளியே வரும். உண்மையாக உழைத்தும் கிடங்கு திறக்காதவனுக்கு அமிலம் எகிறாது, அமோனியா எகிறும். ஏமாற்றுகிறவனுக்கு இரண்டும் எகிறாது.

"முதலிலை சுகதேகி ஒருத்தரிலை செய்து பாக்கவேணும்" என்றார் மேடம். சுற்றிப் பார்த்தார். அறையில் நான்தான் இருந்தேன்.

பட்டையை இறுக்கினார்கள். நான் மூடித் திறந்தேன். கை வெடித்துவிடும் போல வலித்தது. என் லாக்டிக் அமிலம் பிரமாதமாக எகிறியது. நான் உழைத்ததற்கு அறிவியல் ரீதியான சான்று என் பணிக்காலத்தில் அது ஒன்றுதான்.

"நல்லது" என்றார் மேடம். "நாளைக்கு மற்றக் கையிலை. சோம்பேறியாச் செய்யும்."

"சோம்பேறியான்னா எப்படி மேடம்?"

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "வழக்கமாச் செய்யிற மாதிரித்தான்."

மறுநாள் நான் கையை மூடுவது போல் மூடி, திறப்பது போல் திறந்தேன். இரண்டும் எகிறவில்லை. அந்த விடையை மேடம் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார். மேலே 'ஏமாற்றுபவர்' என்று தலைப்பு. அடைப்புக்குறிக்குள் என் பெயர். விருந்தில் நான் சொன்னது இதுவரைக்கும்தான்.

சன்னாசி வந்த அன்று காலை ஆஸ்பத்திரி ஐஸ் இயந்திரம் வழக்கம் போல் பழுது. எடுத்த இரத்தத்தை உடனே ஐஸில் வைக்க வேண்டும். வெளியே வந்த பிறகும் இரத்தத்துக்குத் தான் செத்துவிட்டது தெரியாது. குழாய்க்குள் இருந்தபடியே சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும், விடை கெட்டுவிடும். நான் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு எதிரே ஐஸைச் சீவி ஐஸ் கச்சாங் விற்கிற சீனக் கிழவரிடம் ஓடினேன். அவர் சிரப் ஊற்றட்டுமா என்று கேட்டார்.

மேடம் சன்னாசியை நாற்காலியில் உட்கார வைத்தார். கையைத் தலையணையில் வைத்தார். முழங்கை மடிப்பில் ஊசியைப் போட்டு, கை சும்மா இருக்கும்போதே முதல் இரத்தத்தை எடுத்தார். பிறகு கேட்டார்.

"அந்த அஞ்சு நிமிசத்துக்குப் பிறகு உங்களுக்குப் பலம் வருது எண்டு சொல்லுறீங்கள். ஆர் தாறது?"

"முருகன் குடுக்கறது மேடம். வேற யாரு?"

"ஓம். முருகன் குடுக்கிறது சரி. எந்த வழியாலை குடுக்கிறார் எண்டு பாப்பம்."

பட்டையை இறுக்கினேன். சன்னாசி கையை மூடித் திறந்தார். ஏமாற்றவில்லை. ஏமாற்றுவது எப்படி இருக்கும் என்பதில் நான் நிபுணன். சுவரில் சான்றிதழ் இருக்கிறது. நெற்றி நரம்பு புடைத்தது. நாலைந்து முறை ஜோராக மூடித் திறந்தவர், அடுத்த முறை மூடினார். திறக்கவில்லை.

"தொறங்கண்ணே" என்றேன்.

"தொறக்க மாட்டேங்குது தம்பி."

முஷ்டி அப்படியே கல்லாகிவிட்டது. விரல் நகங்கள் உள்ளங்கையில் பதிந்திருந்தன. முகம் வெளுத்துப்போய், வலியில் சிரிக்கிற மாதிரி ஒரு பாவனை.

"அவிட்டு விடும்! கெதியா!" மேடம் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பட்டையை அவிழ்த்தேன். நான் இரத்தம் எடுத்து எடுத்து ஐஸில் வைத்துக்கொண்டிருந்தேன். மேடம் அந்த முஷ்டியைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். விரலைப் பிரிக்கப் பார்த்தபோது சன்னாசிதான் தடுத்தார். "இழுக்காதீங்க மேடம். அஞ்சு நிமிசம். தானா விட்டுரும்."

தானாக விட்டது.

விடை வந்தது. லாக்டிக் அமிலம் தொடங்கிய இடத்திலேயே இருந்தது. அமோனியா எகிறியிருந்தது. சீட்டைக் கொண்டுபோய் வைத்தேன். ஒற்றை விரல் வந்தது. "இன்னொருக்காச் செய்யும்." செய்தேன். அதே விடை.

மேடம் எழுந்து, "வாரும்" என்று சொல்லிவிட்டு, சீட்டை எடுத்துக்கொண்டு, டாக்டர்களின் அறைகள் இருக்கும் கட்டடத்துக்கு நடந்தார். அவர் அந்தப் பக்கம் போய் நான் பார்த்ததில்லை. பின்னால் போனேன். சன்னாசி அங்கே டாக்டர் லிம்மின் அறையில் உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் லிம்முக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. படித்ததை உயிரோடு நாற்காலியில் பார்க்கும் மகிழ்ச்சி. "இது பிறவி வியாதி. நான் இன்னிக்கே எழுதித் தரேன். கேட் வேலை கண்டிப்பாகக் கிடைக்கும்" என்று மலாயில் சன்னாசியிடம் சொன்னார். சன்னாசி எழுந்து நின்று கும்பிட்டார். "நான் மலாஸ் இல்ல" என்று மலாயிலும், பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "நான் சோம்பேறி இல்ல தம்பி" என்று தமிழிலும் சொன்னார். அந்த அறையில் கொஞ்ச நேரம் எல்லாரும் நன்றாக இருந்தோம்.

கதை அங்கேயே நின்றிருக்கலாம். டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பார். சன்னாசி வாசலில் உட்கார்ந்து லாரி எண் குறித்திருப்பார். ஆனால் அவர் மேடத்திடம் கேட்டார், "அப்படீன்னா எனக்கு என்னதான் மேடம்?" விதிப்படி மேடம் கையைக் கூப்பிவிட்டு வந்திருக்க வேண்டும். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவ்வளவு அழகாக ஒருவர் விளக்கி நான் கேட்டதில்லை. "உங்கட தசையை இந்தத் தீவு எண்டு வையுங்கோ. தீவுக்குள்ளை கிடங்கு நிறைய அரிசி இருக்கு. ஆனாப் பூட்டுக்குத் திறப்பு இல்லை. அப்ப என்ன செய்யிறது? அக்கரை பட்டர்வொர்த்திலை இருந்து ஃபெர்ரியிலை அரிசி வருமட்டும் சனம் பசியோடை இருக்கவேணும். அந்த ஃபெர்ரி வாற நேரம்தான் உங்கட அஞ்சு நிமிசம். ஈரலிலை இருந்தும் கொழுப்பிலை இருந்தும் இரத்தத்தாலை சாப்பாடு வந்து சேருது. வந்த பிறகு ஒரு குறையும் இல்லை."

சன்னாசியின் முகம் மலர்ந்தது. கிடங்கும் ஃபெர்ரியும் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "அப்ப முருகன் ஃபெர்ரில வராரு" என்றார். மேடம்கூடச் சிரித்தார்.

பிறகு கேட்டார்: "இது எப்படி மேடம் எனக்கு வந்துச்சு?"

"உங்கட அம்மாவும் அப்பாவும் சொந்தமோ?"

"ஆமா. அம்மா, அப்பாவோட மாமன் மக."

"ஓம். ரெண்டு பேரிட்டயும் பாதிப் பாதி இருந்து, உங்களிலை வந்து சேர்ந்திருக்கு. பயப்பிடாதையுங்கோ. உங்கட மனிசி வெளி ஆள்தானே? பிள்ளையளுக்கு இந்த வருத்தம் வராது. பாதி மட்டும் உள்ளுக்கை இருக்கும், அது ஒண்டும் செய்யாது. சொந்தத்துக்கை கலியாணம் கட்டினால்தான் மற்றப் பாதி வந்து சேரக்கூடும். சேராமலும் போகலாம்."

சன்னாசி கையை, அந்தக் கையை, மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூத்த மகளைத் தன் மகனுக்குக் கேட்டிருந்தது அவருடைய சொந்தத் தங்கை. மாப்பிள்ளை புக்கிட் மெர்தாஜாமில் லாரி ஓட்டுகிறவன். தாலிக்குத் தங்கம் எடுத்தாகிவிட்டது.

"டாக்டர்" என்றார். "எழுதாதீங்க."

டாக்டர் லிம்முக்குப் புரியவில்லை. எழுதாவிட்டால் வேலை போய்விடும் என்று மறுபடி சொன்னார். சன்னாசி எங்களைப் பார்த்தே பேசினார்.

"சோம்பேறின்னா அந்தப் பேரு என்னோட போயிரும் மேடம். வியாதின்னு எழுதிட்டா எம்பிள்ளைங்க மூணு பேரு மேலயும் ஒட்டிக்கும். அப்பறம் எவன் கட்டுவான்?"

"அப்ப இந்தச் சம்பந்தத்தை விட்டிட்டு வெளியிலை குடுங்கோவன்" என்றார் மேடம். "வெளியிலை குடுத்தால் ஒரு பயமும் இல்லை."

"வெளிய குடுத்தா விசாரிப்பாங்க மேடம். அப்பன் என்னா, ஆத்தா என்னா, எதுக்கு வேலைய விட்டுத் தூக்கினாங்க, எல்லாம் கேப்பாங்க. சொந்தத்துலதான் யாரும் கேக்க மாட்டாங்க."

"உங்கட தங்கச்சிக்கு இது தெரியவேணுமெல்லோ?"

"எந்தங்கச்சிக்கு என்னயப் பத்தித் தெரியும். சோம்பேறின்னு தெரியும். அது தெரிஞ்சுதான் பொண்ணு கேட்டா."

மேடம் கையைக் கூப்பினார். சன்னாசி எங்கள் ஒவ்வொருவர் கையையும் பிடித்து நன்றி சொன்னார். வாசலில் நின்று, "ரொம்ப நல்லா வெளக்குனீங்க மேடம்" என்றார். கேலியில்லை, உண்மையாகவே சொன்னார். அதுதான் கேட்கச் சகிக்கவில்லை.

கிடங்கில் அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று டாக்டர் லிம் பிறகு சொன்னார். கல்யாணப் பத்திரிகை ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. சன்னாசியே வெற்றிலை பாக்கோடு கொண்டுவந்து மேடத்திடம் நீட்டினார். மேடம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நான் கல்யாணத்துக்குப் போனேன். மேடம் ஒரு குத்துவிளக்கை என்னிடம் கொடுத்தனுப்பினார்.

"நீங்களும் வரலாமே மேடம்?"

"எப்பிடி வாறது கதிரேசு? பொம்பிளை மாப்பிளையைப் பாத்து, பதினாறும் பெற்று வாழுங்கோ எண்டு சொல்லவேணுமே."

அதன் பிறகு அவர் டாக்டர்களின் கட்டடத்துக்குப் போகவே இல்லை. சுவரில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துவிட்டார். என் பதவியும் அதோடு போயிற்று. எப்போதாவது, வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்துவார். "நான் அந்த மனுசனுக்கு இலக்கத்தை மட்டும் குடுத்திட்டு வந்திருக்கவேணும். விளங்கப்படுத்தினதுதான் பிழை." நான் ஏதாவது சமாதானம் சொல்லப் பார்ப்பேன். "சும்மா கதையாதையும்" என்பார்.

இன்றைக்கும் எனக்கு விடை தெரியவில்லை. விளக்காமல் இருந்திருந்தால் சன்னாசிக்கு வேலை மிஞ்சியிருக்கும். கல்யாணம் எப்படியும் நடந்திருக்கும். விளக்கியதால் கல்யாணம் நிற்கவில்லை, வேலை மட்டும் போயிற்று. உண்மைக்கு ஒரு பலன் உண்டு என்று பள்ளிக்கூடத்தில் சொன்னவர்கள், அது யாருக்கு என்று சொல்லவில்லை. மேடம் ஓய்வு பெற்று ஆஸ்திரேலியாவில் இருந்த மகனிடம் போனார். வருடா வருடம் ஒரு வாழ்த்து அட்டை வரும். உள்ளே, 'இரத்த அழுத்தம் பார்த்தீரா? இன்னொருக்காப் பாரும்' என்று இருக்கும். ஒரு வருடம் அட்டை வரவில்லை. அவர் மகனிடமிருந்து கடிதம் வந்தது.

நான் வேலையில் இருந்த கடைசி வருடங்களில் ஒரு நாள். பாலம் வந்துவிட்டிருந்தது. லாக்டிக் அமிலம் பார்க்க ஒரு பெட்டி வந்திருந்தது. ஒரு துளி இரத்தம் போதும், ஐஸ் கச்சாங் கிழவரைத் தேட வேண்டாம். கையில் பட்டையை இறுக்குவதும் ஆபத்து என்று நிறுத்திவிட்டார்கள். குழந்தைகள் பகுதியிலிருந்து அதே சோதனைக்கு ஒரு பையனை அனுப்பியிருந்தார்கள். பள்ளிக்கூடத்து ஓட்டத்தில் பாதியில் உட்கார்ந்துவிடுகிறானாம். விளையாட்டு ஆசிரியர் வலுக்கட்டாயமாக ஓட வைத்த மறுநாள், சிறுநீர் கோப்பி-ஓ நிறம்.

பையனோடு உள்ளே வந்தவரின் தோளைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. முடி நரைத்துவிட்டது. ஃபெர்ரி துறை வாசலில் உட்கார்ந்தபடி கச்சாங் பூத்தே விற்கிறாராம்; பட்டாணியும் கடலையும் பொட்டலம் கட்டுகிற வேலை.

"ஒக்காந்து செய்யற வேலதான் தம்பி" என்றார். பிறகு, "மேடம் இருக்காங்களா?"

"தவறிட்டாங்கண்ணே. ஆஸ்திரேலியாவுல."

அவர் தலையை ஆட்டினார். நான் பையனின் கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னேன். நல்ல பிள்ளை; ஏமாற்றாமல் அமுக்கினான். கொஞ்ச நேரத்தில் பந்து அவன் கையில் அப்படியே நின்றுவிட்டது. பையன் மிரண்டுபோய்த் தன் கையைப் பார்த்தான், யாருடையதோ போல. நான் விரலைப் பிரிக்கக் கை நீட்டினேன்.

"இழுக்காதீங்க" என்று சன்னாசி தடுத்தார். அந்தச் சின்ன முஷ்டியைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். "ஒன்னுமில்லய்யா. அஞ்சு நிமிசம். தானா விட்டுரும்."

ஒரு துளி இரத்தம் எடுத்து வைத்ததும் பெட்டியில் எண் தெரிந்தது. அமிலம் எகிறவில்லை; அந்த எண்ணை நான் அடையாளம் கண்டுகொண்டேன். சன்னாசி என்ன என்று கேட்கவில்லை.

"அம்மா வரலயா?" என்று பையனிடம் கேட்டேன்.

"வெளிய பெஞ்சுல இருக்கா" என்று சன்னாசிதான் சொன்னார். "அவளுக்கு ஒன்னும் தெரியாது. எந்தங்கச்சிக்கும் தெரியாது. யாரும் கேக்கல, நானும் சொல்லல." பையனின் கை மெல்ல விட்டது, பந்து தரையில் விழுந்து உருண்டது. அவன் அதைத் துரத்திக்கொண்டு போனான். சன்னாசி குரலைத் தணித்தார். "இந்தத் தடவ எழுதிக் குடுக்கச் சொல்லுங்க தம்பி. வியாதின்னு. பெரிய எழுத்துல. பள்ளிக்கூடத்துக்கு ஒன்னு, எம்மவளுக்கு ஒன்னு."

"ஒங்களுக்கும் ஒன்னு வாங்கித் தரேண்ணே. இப்பவாச்சும்."

"எனக்கா?" சிரித்தார். "யாருகிட்டக் காட்டறது தம்பி? மண்டோரும் செத்துட்டான்."

பேரன் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கதவுவரை போனார். கண்ணாடி வழியே, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் மகள் தெரிந்தாள். சன்னாசி கதவைத் தள்ளவில்லை. திரும்பி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அஞ்சு நிமிசம் தம்பி" என்றார். "அப்பறம் போய்ச் சொல்றேன்."